மாத்திரை அட்டையிலிருந்து மருந்தியலைத் தொடங்குங்கள்

வீட்டில் இருக்கும் ஏதேனும் ஒரு மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு இதைப் படியுங்கள். செவிலியம் பயிலும் முதலாண்டு மாணவர்கள் மருந்தியல் சொற்களைப் பட்டியலாக மனப்பாடம் செய்வதைவிட, அட்டையிலேயே அவற்றைத் தேடிக் கண்டுபிடித்தால் அவை மனத்தில் தங்கும் என்பது என் உறுதியான கருத்து.

அட்டையில் இரண்டு பெயர்கள் இருக்கும். வணிகப் பெயர் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பாராசிட்டமால், மெட்ஃபார்மின் போன்ற பொதுப் பெயரே மருந்தின் உண்மையான அடையாளம். காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று என இரு வேறு வணிகப் பெயர்களில் ஒரே பாராசிட்டமாலை விழுங்கும் நோயாளியை நீங்கள் கட்டாயம் சந்திப்பீர்கள். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராம்தான் உச்ச வரம்பு. அதை மீறினால் கல்லீரல் பாதிக்கப்படலாம். ஆகவே குறிப்பேட்டில் பொதுப் பெயரையே எழுதிப் பழகுங்கள்.

அடுத்து, வீரியத்தையும் மருந்தளவையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒரு மாத்திரையில் அல்லது குறிப்பிட்ட மி.லி.யில் எவ்வளவு மருந்து உள்ளது என்பது வீரியம். இந்த நோயாளிக்கு இந்த வேளையில் எவ்வளவு தர வேண்டும் என்பது மருந்தளவு. 12 கிலோ எடையுள்ள குழந்தைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. வீதம் 180 மி.கி. பாராசிட்டமால் தருமாறு மருத்துவர் எழுதியிருக்கிறார் என்று கொள்வோம். 5 மி.லி.யில் 125 மி.கி. உள்ள சிரப் என்றால் 7.2 மி.லி., 250 மி.கி. உள்ளது என்றால் 3.6 மி.லி., 1 மி.லி.யில் 100 மி.கி. உள்ள சொட்டு மருந்து என்றால் 1.8 மி.லி. கொடுக்க வேண்டும். வேண்டிய மி.கி.யை ஒரு மி.லி.யில் உள்ள மி.கி.யால் வகுப்பது மட்டுமே கணக்கு. ஆனால் பாட்டிலில் அச்சிட்டிருப்பதைப் படிக்காமல் இந்தக் கணக்கைத் தொடங்கவே முடியாது. இன்சுலினில் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும்: மி.லி.க்கு 100 யூனிட் உள்ள இன்சுலினை, மி.லி.க்கு 40 யூனிட் உள்ள இன்சுலினுக்கான சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுத்தால் நோயாளியின் உடலில் இரண்டரை மடங்கு மருந்து ஏறிவிடும்.

பெயரின் பின்னால் வரும் எழுத்துகள்தான் பலரும் கவனிக்காமல் விடும் பகுதி. எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர். என்றால் மருந்து பல மணி நேரம் சிறிது சிறிதாக வெளிவரும்படி செய்யப்பட்ட மாத்திரை. விழுங்க முடியவில்லை என்று அதை நுணுக்கி மூக்குக் குழாய் வழியாகக் கொடுத்தால் நாள் முழுவதற்கும் உரிய மருந்து ஒரே நேரத்தில் இரத்தத்தில் சேரும். இ.சி. என்றால் இரைப்பையில் கரையாமல் குடலில் கரையும் மேற்பூச்சு கொண்டது என்று பொருள். அதையும் நுணுக்கக் கூடாது. இத்தகைய மாத்திரையை விழுங்க இயலாதவருக்கு மாற்று வடிவம் எழுதித் தருமாறு மருத்துவரிடம் கேட்பதே சரியான வழி.

வடிவத்தோடு கொடுக்கும் வழியும் பிணைந்தது. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் ஐசோசார்பைடு டைநைட்ரேட், வாயின் மெல்லிய தோல் வழியாக நேரே இரத்தத்தில் கலக்கிறது. விழுங்கினால் கல்லீரல் அதில் பெரும்பகுதியை முதலிலேயே சிதைத்துவிடும், பலன் கிடைக்கவும் தாமதமாகும். ஆஸ்துமாவுக்கான ரோட்டாகேப் பார்ப்பதற்கு விழுங்கும் கேப்சூலைப் போலவே இருப்பதால், அதைத் தண்ணீரோடு விழுங்குவோரும் உண்டு. கருவியில் போட்டு மூச்சில் இழுத்துக் காட்டி, பிறகு நோயாளியையே ஒருமுறை செய்யச் சொல்லிப் பாருங்கள். களிம்பு, கண் சொட்டு, ஆசனவாயில் வைக்கும் மருந்து ஆகியவற்றில் பெயரே வழியைச் சொல்லிவிடும்.

அரை ஆயுள் காலம் என்பது இரத்தத்தில் உள்ள மருந்தின் செறிவு பாதியாகக் குறைய ஆகும் நேரம். பாராசிட்டமாலுக்கு அது ஏறத்தாழ 2 முதல் 3 மணி நேரம் என்பதால் ஒரு நாளில் பல வேளை தரப்படுகிறது. இதய நோய்க்கான டிகாக்சினுக்கு ஏறக்குறைய ஒன்றரை நாள் என்பதால் ஒரு வேளையே போதும். மருந்துச் சீட்டில் ஒரு வேளையை ஓ.டி. என்றும், இரு வேளையை பி.டி. என்றும், மூன்று வேளையை டி.டி.எஸ். என்றும், தேவைப்பட்டால் மட்டும் என்பதை எஸ்.ஓ.எஸ். என்றும் குறிப்பார்கள். கண் மருத்துவப் பிரிவில் மட்டும் ஓ.டி. என்பது வலது கண்ணையும் குறிக்கும். அங்கே பணிக்குச் செல்லும்போது எழுதிய மருத்துவரிடம் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகே சொட்டு விடுங்கள்.