கஞ்சி அளவு அதேதான், சத்து மட்டும் கூடுதல்

எச்ஐவியோடு வாழ்பவர்களுக்கு எடை குறைகிறதா? காலைக் கஞ்சியில் இரண்டு மேசைக்கரண்டி வறுத்த வேர்க்கடலைப் பொடியும் ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெயும் கலந்து குடியுங்கள். பசி மந்தமாக இருக்கும்போது தட்டு நிறையச் சோறு இறங்காது. இதில் அளவு கூடாமலே சத்து கூடிவிடும். அந்த எண்ணெயில் மட்டுமே சுமார் 120 கலோரி. கடலையில் தசைக்கு வேண்டிய புரதமும் உண்டு, 100 கிராமுக்கு 25 கிராம் அளவில். பூஞ்சை நெடி அடிக்கும் கடலை மட்டும் வேண்டவே வேண்டாம்.

கடலை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இது ஆகாது. வயிற்றுப்போக்கு இருக்கும்போது எண்ணெயை விட்டுவிடுங்கள். அப்புறம், காரணம் தெரியாமல் எடை இறங்கினாலோ, இருமல், காய்ச்சல், இரவு வியர்வை இருந்தாலோ, கஞ்சியை நம்பிக் காத்திருக்காதீர்கள். காசநோயாக இருக்கலாம், உடனே ஏஆர்டி மையத்தில் (எச்ஐவிக்கு மருந்து தரும் இடம்) சொல்லிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.