சூப்பர்நோவாவால் அண்டத்தின் விரிவை அளக்கையில் பேரடைகளின் சொந்த ஓட்டத்தைக் கையாள்வது எப்படி?

கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1909-இல் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளின் நிறமாலையை ஆராய்ந்தபோது, புள்ளியின் ஒரு பக்கத்தில் கோடுகள் சிவப்பை நோக்கியும் மறுபக்கத்தில் நீலத்தை நோக்கியும் சற்றே விலகியிருப்பதைக் கண்டு, அங்கே வாயு மையத்திலிருந்து வெளிநோக்கி ஓடுகிறது என்று அறிந்தார். கோடு எவ்வளவு விலகியது என்பதை மட்டுமே நிறமாலை சொல்லும். அதில் எந்த இயக்கத்துக்கு எவ்வளவு பங்கு என்பதை நாம்தான் பிரித்தெடுக்க வேண்டும். பேரடைகளிலும் (விண்மீன்களின் பெருந்திரள்களிலும்) இதே வேலைதான் காத்திருக்கிறது: கோட்டின் விலகலில் அண்ட விரிவின் பங்கு எவ்வளவு, பேரடையின் சொந்த ஓட்டத்தின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க வேண்டும். இங்கே மலையில் மாணவர்களுக்குச் சொல்லித்தரும் வரிசையிலேயே எழுதுகிறேன். ஒரு தாளும் கால்குலேட்டரும் போதும்.

படி 1: தொலைவு

ஐ-ஏ வகை சூப்பர்நோவாக்கள் (வெடித்துப் பிரகாசிக்கும் விண்மீன்கள்), திருத்தங்களுக்குப் பின், உச்சத்தில் ஏறத்தாழ ஒரே உண்மைப் பொலிவை (பொலிவெண் −19.3; எண் குறையக் குறையப் பொலிவு கூடும்) அடைகின்றன. பயிற்சிக்காக, நமக்குத் தெரியும் பொலிவெண் 13.5 என்று கொள்வோம். வேறுபாடு 32.8, அதிலிருந்து 25-ஐக் கழித்து 5-ஆல் வகுத்தால் 1.56, பத்தின் 1.56-ஆம் அடுக்கு 36.3. தொலைவு 36.3 மெகாபார்செக். (ஒரு மெகாபார்செக் என்பது சுமார் 32.6 லட்சம் ஒளியாண்டு.)

படி 2: வேகம்

செம்பெயர்ச்சி (நிறமாலைக் கோடுகள் சிவப்பை நோக்கி விலகிய விகிதம்) 0.0085 என்றால், ஒளியின் வேகத்தால் பெருக்க, நொடிக்கு 2,550 கி.மீ. தொலைவால் வகுத்தால் ஹபிள் மாறிலி, அதாவது ஒவ்வொரு மெகாபார்செக் தொலைவுக்கும் விரிவின் வேகம் நொடிக்கு எத்தனை கி.மீ. கூடுகிறது என்பது, 70.2. இங்கே நிறுத்திவிடாதீர்கள்.

படி 3: நம் சொந்த ஓட்டம்

அண்ட நுண்ணலைப் பின்னணியை (வானெங்கும் பரவியுள்ள, அண்டத்தின் தொடக்கக் காலத்து ஆதி ஒளியை) அடிப்படையாகக் கொண்டால், சூரியன் சிம்ம விண்மீன் குழுவின் பக்கமாக நொடிக்கு சுமார் 370 கி.மீ. வேகத்தில் செல்கிறது. சூப்பர்நோவா அதே திசையில் இருந்தால் அந்த அளவைக் கூட்ட வேண்டும், நேரெதிரில் இருந்தால் கழிக்க வேண்டும், செங்குத்தான திசையில் இருந்தால் திருத்தம் வேண்டாம். நம் எடுத்துக்காட்டை மூன்றாவது வகையாகக் கொள்வோம்.

படி 4: பேரடையின் சொந்த ஓட்டம்

அருகிலுள்ள பேரடைக் கொத்துகளின் ஈர்ப்பால் ஒரு பேரடை நொடிக்கு 300 கி.மீ. வேகத்தில் இழுபடுவது சாதாரணம். பார்வைக் கோட்டின் வழியே அது நம்மை விட்டு விலகி ஓடினால், விரிவின் பங்கு 2,250 மட்டுமே, மாறிலி 62. நம்மை நோக்கி வந்தால் 2,850, மாறிலி 78.5. ஆதி ஒளியிலிருந்து கிடைக்கும் 67-க்கும் சூப்பர்நோவா வழியில் கிடைக்கும் 73-க்கும் இடையிலுள்ள வேறுபாட்டைத்தான் இன்று உலகமே விவாதிக்கிறது. ஒற்றைப் பேரடையின் ஓட்டம் அந்த இடைவெளியையே விழுங்கிவிடக்கூடியது.

படி 5: தொலைவாகச் செல்லுங்கள்

பொலிவெண் 16.5 உள்ள சூப்பர்நோவாவை எடுத்தால் தொலைவு 144.5 மெகாபார்செக். அதே 300 கி.மீ. இப்போது மாறிலியில் 2 மட்டுமே பிசகு தரும். இதனால்தான் ஆய்வாளர்கள் பெரும்பாலும் 0.023-க்கு மேற்பட்ட செம்பெயர்ச்சிகளையே பயன்படுத்துகிறார்கள். மிகத் தொலைவில் எளிய வகுத்தல் போதாது, விரிவின் வேகமாற்றத்தையும் சேர்க்க வேண்டும்.

படி 6: எஞ்சும் பிழை

தொடங்குபவர்கள் தவறுவது இங்கேதான். நிறைய சூப்பர்நோவாக்களின் சராசரி எடுத்தால் ஓட்டங்கள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும் என்று எண்ணுகிறார்கள். அண்டைப் பேரடைகள் ஒரே கொத்தை நோக்கிச் சேர்ந்தே ஓடுவதால், வானின் ஒரு பகுதியில் மட்டும் திரட்டிய தரவில் பிழை ஒரே பக்கம் சாயும், எண்ணிக்கை கூடினாலும் அவ்வளவாகக் குறையாது. ஆகவே வானின் பல திசைகளிலிருந்தும் சூப்பர்நோவாக்களைத் தேர்ந்தெடுங்கள். பேரடை ஒரு கொத்தில் இருந்தால், அதன் தனி வேகத்துக்குப் பதில் கொத்தின் சராசரி வேகத்தை எடுங்கள். அதற்குப் பின்னும் நொடிக்கு 250 கி.மீ. போன்ற ஒரு பிழையை ஒவ்வொரு வேகத்தோடும் சேர்த்தே கணக்கிடுங்கள்.