பிளம்ஸ், பேரி மரங்களுக்குக் குளிர் போதுமா என்று கண்டறிவது எப்படி?

கொடைக்கானல், நீலகிரி மலைகளில் பிளம்ஸ், பேரி, பீச் வளர்ப்பவர்கள், பங்குனியில் வெறுங்கிளைகளைப் பார்த்துக் கலங்குவதைவிட, கார்த்திகையிலேயே தோட்டத்தின் குளிரை அளக்கத் தொடங்குவது நல்லது. இலையுதிர்ந்து உறங்கும் இம்மரங்களின் மொட்டுகள், ஏறத்தாழ 0 முதல் 7 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிரில் குறிப்பிட்ட மணிநேரம் இருந்த பிறகுதான் உறக்கம் கலையும். பனிக்காலம் வெதுவெதுப்பாகக் கழிந்தால், கிளை நுனி மட்டும் துளிர்த்து நடுப்பகுதி மொட்டையாக நிற்கும், பூப்பும் வாரக்கணக்கில் இழுத்துக்கொண்டே போகும், காய்ப்பிடிப்பு குறையும்.

வெப்பநிலையை மணிக்கு மணி பதியும் சிறு கருவியை, வெயில் படாமல் நெஞ்சுயரத்தில் கட்டி, நவம்பர் முதல் ஜனவரி இறுதி வரை குளிர்நேரத்தைக் கூட்டி வாருங்கள். ஆனால் பகல் வெப்பம் 16 டிகிரிக்கு மேல் ஏறினால், இரவில் சேர்ந்த குளிரின் பயனில் ஒரு பகுதி அழியக்கூடும். நம் மலைகளில் வெயில் சுள்ளென்று அடிக்கும் நாட்கள் பல இருப்பதால், வெறும் கூட்டுத்தொகையை நம்பிவிடக் கூடாது. பகலெல்லாம் மூடுபனி கவிந்த நாட்களையும் தனியே குறித்துக்கொள்ளுங்கள்.

கணக்கைவிடத் தெளிவாகச் சொல்வது மரமே. ஜனவரி நடுவில் நான்கைந்து மரங்களிலிருந்து ஓரடி நீளக் குச்சிகளை வெட்டி, நீர் நிரம்பிய புட்டியில் நிறுத்தி, 20 டிகிரிக்குக் குறையாத அறையில் வையுங்கள். தண்ணீரை மாற்றும்போதெல்லாம் அடிமுனையைச் சிறிது நறுக்கிவிட வேண்டும். பத்துப் பன்னிரண்டு நாட்களில் பாதி மொட்டுகளாவது நுனியில் பச்சை காட்டினால், குளிர் போதிய அளவு கிடைத்துவிட்டது. அசையாத மொட்டை பிளேடால் குறுக்கே அறுத்துப் பாருங்கள்: உள்ளே பச்சையாக இருந்தால் உறங்குகிறது, பழுப்பாக இருந்தால் செத்துவிட்டது.

ஆண்டுதோறும் குறைவே தெரிந்தால், ரகத்தைத்தான் மாற்ற வேண்டும். ஆப்பிளை எடுத்துக்காட்டாகக் கொண்டால், சுமார் 1000 மணிநேரக் குளிர் கேட்கும் டெலிஷியஸ் வகைகள் இங்கு வீண்செலவு. 300 மணிநேரத்துக்குள் திருப்தியடையும் அன்னா ரகத்தை, மகரந்தத்துக்காக டார்செட் கோல்டனுடன் சேர்த்து நடலாம். புதிய கன்றுகளுக்கு வடக்குச் சரிவே ஏற்றது.

நிற்கும் மரங்களில், செங்குத்தான கிளைகளைப் படுக்கைவாட்டில் வளைத்துக் கட்டினால் பக்க மொட்டுகள் கூடுதலாக உடையும். மொட்டின் உறக்கத்தைக் கலைக்கும் ரசாயனமான ஹைட்ரஜன் சயனமைடு தெளிப்பதைக் கடைசி வழியாகவே கொள்ளுங்கள். தாமதமாகத் தெளித்தால் மொட்டு கருகிவிடும். அது நச்சுப்பொருள், தெளித்தவர் மது அருந்தினால் உடல்நிலை கடுமையாகப் பாதிக்கப்படும் என்பதைக் கூலியாட்களிடம் கட்டாயம் சொல்லிவிட வேண்டும். முதல் ஆண்டில் இரண்டு மரங்களுக்கு மட்டும் தெளித்து, பக்கத்து மரத்தை ஒப்பிடுவதற்காக அப்படியே விட்டுவையுங்கள்.