சிறுவயது வழக்கு, பெரியவனின் தண்டனை: இளம் சட்டத்தரணிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பு நீதிமன்றத்துக்குப் புதிதாக வருகிற ஜூனியர்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், நாங்கள் தொடக்கத்தில் சறுக்கிய அதே இடங்களில்தான் அவர்களும் சறுக்குகிறார்கள். தவணைத் திகதியை மறப்பது போன்றவை தானாகச் சரிவரும், அவற்றை விடுவோம். சிறுவயதுப் பதிவைக் காட்டி, வளர்ந்தவனுக்குத் தண்டனையைக் கூட்டக் கேட்கும்போது நடக்கிற பிழைகள் வேறு.

“ஒத்துக்கொள், இன்றைக்கே முடிந்துவிடும்”

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். ஏறாவூர்ப் பக்கத்துப் பொடியன் ஒருவன், வயது 15. பெரிய பொடியன்கள் கடை உடைக்கப் போனபோது வெளியே சைக்கிளோடு நின்றிருக்கிறான், எதற்குப் போகிறார்கள் என்றே அவனுக்குத் தெரியாதாம். “ஐயா, புள்ளைக்குச் சோதனை வருது, கெதியா முடிச்சுத் தாங்க” என்று தாய் அழுதார். சட்டத்தரணி ஒத்துக்கொள்ளச் சொன்னார், நன்னடத்தைக் கட்டளையோடு (சிறைக்கு அனுப்பாமல், உத்தியோகத்தர் ஒருவரின் மேற்பார்வையில் விடுவது) வழக்கு முடிந்தது, எல்லோருக்கும் நிம்மதி.

அவனுக்கு 22 வயதில் ஒரு அடிதடி வழக்கு. ஒத்திவைத்த சிறைத்தண்டனை, அதாவது உடனே சிறைக்குப் போகத் தேவையில்லாத தண்டனை, கேட்டபோது அந்தப் பழைய கதை எழும்பி வந்தது. 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 303 ஆம் பிரிவு முந்திய நடத்தையைப் பார்க்கச் சொல்கிறது, 306 ஆம் பிரிவிலும் அதுவும் வயதும் வருகின்றன. ஆக, பழைய விஷயம் உள்ளே வர வழி இருக்கிறது. பொடியன் சிறைக்குப் போனான். அவன் கடைக்குள் கால் வைக்கவே இல்லை என்பதை இனி யாரிடம் சொல்வது? அந்த வழக்கில் ஒரு சாட்சியைக்கூட யாரும் குறுக்கு விசாரணை செய்யவில்லையே!

அமெரிக்காவில் நீதிமன்றங்களே பிரிந்து நிற்பதும் இந்த இடத்தில்தான். முன் குற்றத்தீர்ப்பைத் தவிர, உச்சத் தண்டனையைத் தாண்ட வைக்கிற எந்த விஷயமும் ஜூரி (தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழு) முன் நிரூபிக்கப்பட வேண்டும் என்று 2000 இல் அப்ரெண்டி வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் சிறுவர் நீதிமன்றத்தில் ஜூரி உரிமை இல்லை என்பது 1971 இலேயே முடிவான விஷயம். அப்படியானால் சிறுவர் தீர்ப்பு அந்த விலக்குக்குள் வருமா? 2009 இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம், அந்த மாநிலத்தின் ‘மூன்று அடி’ச் சட்டத்துக்கு (முன்பு பாரதூரமான குற்றம் செய்தவன் மறுபடி செய்தால் தண்டனையைக் கூட்டும் சட்டம்) அதை எண்ணலாம் என்றது. 2016 இல் ஒஹாயோ உச்ச நீதிமன்றம் அதைக் கொண்டு தண்டனையைக் கூட்ட முடியாது என்றது. என் மனம் ஒஹாயோ பக்கம். முழுப் பாதுகாப்போடு விசாரிக்கப்படாத ஒன்றை வைத்து, ஒரு மனிதனின் வருடங்களைப் பின்னால் பிடுங்குவது அநியாயம்.

அதனால் ‘சின்ன வழக்குத்தானே’ என்ற பேச்சையே விடுங்கள். பொடியனைத் தனியாக இருத்தி, நடந்ததை முழுக்கக் கேட்டு, பொலிஸ் குறிப்பையும் வாசித்த பிறகுதான் ஒத்துக்கொள்வதா இல்லையா என்று தாய் தகப்பனோடு கதைக்க வேண்டும். சோதனை முக்கியம்தான், அதற்குத் தவணை கேட்கலாம்.

வயதை வாய்வழியாகக் கேட்டு எழுதுவது

பிறப்புச் சான்றிதழை வாங்குங்கள். குற்றப் பொறுப்புக்கான ஆகக் குறைந்த வயது 2018 இல் 8 இலிருந்து 12 ஆனது. 12க்கும் 14க்கும் இடையில் என்றால் பிள்ளையின் முதிர்ச்சியையும் பார்க்க வேண்டும்.

அமெரிக்கத் தீர்ப்பை அப்படியே நீட்டுவது

நம் நீதவான் நீதிமன்றத்தில் பெரியவர்களுக்கே ஜூரி இல்லை, எனவே அப்ரெண்டி வாதம் இங்கே நிற்காது. ‘சோதிக்கப்படாத ஒப்புதல்’ என்ற நியாயத்தை மட்டும் எடுங்கள்.

பழைய வழக்கேட்டைப் பார்க்காமல் எழும்பிப் பேசுவது

அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுங்கள். ஒப்புதலா விசாரணையா, அன்றைக்குச் சட்டத்தரணி நின்றாரா, கட்டளை என்ன என்று பாருங்கள். பொலிஸ் சொல்வதும் ஏட்டில் இருப்பதும் சில வேளை வேறு.

நன்னடத்தை அறிக்கையை மன்றிலேயே முதல் தடவை வாசிப்பது

உத்தியோகத்தரை முன்கூட்டியே சந்தியுங்கள். பொடியன் கட்டளைக் காலத்தை ஒழுங்காக முடித்தான், அதற்குப் பிறகு தொழில் பழகினான் என்றால் அதுவும் அறிக்கையில் வரவேண்டும். நீங்கள் கேட்காவிட்டால் திருட்டு மட்டும்தான் அதில் இருக்கும்.