கட்ச் பயண நினைவாக ஒரு சின்ன குவில்ட்

குஜராத்தின் கட்ச் பகுதியில் புஜ், அஜ்ரக்பூர் பக்கம் போனவர்கள், மர அச்சால் நீலமும் சிவப்புமாக டிசைன் போட்ட அஜ்ரக் துணி வாங்காமல் திரும்புவது அபூர்வம். வாங்கியது பெரும்பாலும் பீரோவிலேயே கிடக்கும், வெட்ட மனசு வராது. தயங்காமல் வெட்டுங்கள். நடுவில் பஞ்சு வைத்து 18 அங்குலச் சதுரக் குவில்ட்டாகத் தைத்துச் சுவரில் மாட்டினால் தினமும் கண்ணில் படும்.

தேவை: இரண்டு மூன்று டிசைனில் அஜ்ரக், மொத்தம் அரை மீட்டர். வெள்ளைக் காட்டன் துண்டு ஒன்று. அடித்துணி, மெல்லிய பஞ்சு ஷீட், இரண்டும் 21 அங்குலச் சதுரம். தையல் நூல், எம்ப்ராய்டரி நூல், ஊக்குகள்.

1. அலசுங்கள். இதை மட்டும் தவிர்க்கவே கூடாது. புது அஜ்ரக்கைத் தேய்த்தால் விரலில் அவுரி நீலம் ஒட்டும். குளிர்ந்த நீரில் பூந்திக்கொட்டைச் சாறு கலந்து, தண்ணீர் தெளியும்வரை தனியாக அலசுங்கள். இந்தத் துணிக்குத் தண்ணீர்தான் உயிர். 2001 நிலநடுக்கத்துக்குப் பிறகு கட்ச்சின் தமட்கா ஊரில் தண்ணீரில் இரும்புச்சத்து கூடிச் சாயம் கெட்டதால்தான், அச்சுக் கலைஞர்கள் பலர் இடம்பெயர்ந்து அஜ்ரக்பூரை உருவாக்கினார்கள். காய்ந்ததும் இஸ்திரி போடுங்கள்.

2. நடுக் கட்டம். வெள்ளைத் துணி, கட்ச்சின் ரண் என்ற வெண்ணிற உப்புவெளிக்காக. 7 அங்குலமாக வெட்டி, ஊர்ப் பெயரையும் வருடத்தையும் நடுவில் தையுங்கள். எம்ப்ராய்டரி துணியை லேசாகச் சுருக்கும், அதனால் தைத்த பிறகே ஐந்தரை அங்குலத்துக்கு நறுக்க வேண்டும்.

3. இணைப்பு. அஜ்ரக்கில் ஐந்தரை அங்குலச் சதுரங்கள் எட்டு வெட்டுங்கள். தரையில் பரப்பி, நீலமும் சிவப்பும் மாறி மாறி வருகிறதா என்று கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்க வைத்து, கால் அங்குலம் விட்டுத் தைத்து, மூன்று வரிசைகளாக்குங்கள். முதல், மூன்றாம் வரிசைகளின் தையல் மடிப்பை இடப்பக்கமும், நடு வரிசையின் மடிப்பை வலப்பக்கமும் சாய்த்து இஸ்திரி போடுங்கள். வரிசைகளைச் சேர்க்கும்போது மடிப்புகள் ஒன்றோடொன்று கச்சிதமாக உட்காரும், மூலைகள் விலகாது. அப்புறம் 2 அங்குல அகல அஜ்ரக் பட்டியை நாலு பக்கமும் சேர்த்துத் தையுங்கள்.

4. நூலோட்டம். அடித்துணி, பஞ்சு, மேல்துணி என்று அடுக்கி, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஊக்கு குத்துங்கள். தையலையும் நடுவில்தான் தொடங்க வேண்டும், இல்லையென்றால் துணி புடைத்துக்கொள்ளும். மூன்று அடுக்கையும் பிடித்து, அச்சின் கோடுகள் மேலேயே ஓட்டுத் தையல் போடுங்கள். முடிச்சைச் சுண்டிப் பஞ்சுக்குள் இழுத்துவிடலாம். இழைகள் அரிசி நீளத்துக்கு ஒரே மாதிரி வந்தால் நல்லது. கொஞ்சம் ஏறி இறங்கினால் பிரிக்க வேண்டாம், கைத்தையலுக்கு அதுவும் அழகுதான்.

5. ஓரம். வெளியே நீட்டியிருக்கும் அடித்துணியையும் பஞ்சையும் நறுக்கி, இரண்டேகால் அங்குல அஜ்ரக் பட்டியை இரண்டாக மடித்து ஓரத்தில் தைத்து, பின்பக்கம் திருப்பி ஹெம்மிங் செய்யுங்கள். பின்னால் மேல் ஓரத்தில் குச்சி நுழைய ஒரு துணிக்குழாய் தைத்தால் மாட்டிவிடலாம். நேர் வெயில் படாத சுவராகப் பாருங்கள், அவுரி நீலம் வெளுத்துவிடும்.