ராத்திரிக் கூத்து பார்க்கப் போகும் புதியவர்கள் செய்யும் தவறுகள்

எங்கள் ஆபீசுக்கு மாற்றலாகி வந்து தஞ்சாவூரில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் இரண்டு பையன்கள், நரசிம்ம ஜெயந்திக்குப் பக்கத்து மெலட்டூர் கிராமத்துக்குப் போய், ராத்திரி முழுக்க நடக்கும் பாகவத மேளா நாட்டிய நாடகத்தைப் பார்த்துவிட்டு வந்தார்கள். "நல்லாத்தான் சார் இருந்துச்சு. ஆனா ரொம்ப இழுவை, ஒரு மணிக்கே கிளம்பிட்டோம்" என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் செய்ததும் இதேதான்.

பாதியில் எழுந்து வருவது

பாகவத மேளாவில் பிரகலாத சரித்திரம் ராத்திரி பத்து மணி வாக்கில்தான் தொடங்கும். முதலில் கோணங்கி, அதாவது கோமாளி, வந்து குதிப்பான். பிறகு பிள்ளையார் முகமூடியோடு ஒரு சின்னப் பையன். அதற்கப்புறம் ஒவ்வொரு பாத்திரமும் பாடி ஆடி உள்ளே வந்து சேரவே வெகு நேரமாகும். பெண் வேடமும் ஆண்கள்தான். மெலட்டூர் வெங்கடராம சாஸ்திரி எழுதிய நாடகம், பாட்டெல்லாம் தெலுங்கு. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒன்றரை மணிக்கு ஆட்டோக்காரரிடம் இரட்டை வாடகை கொடுத்து ரூமுக்குத் திரும்பி, பெருமையாகத் தூங்கினேன்.

மறுநாள் டீக்கடையில் ஒரு பெரியவர் கேட்டார்: "தூணைப் பாத்தீங்களா தம்பி?"

எந்தத் தூண்? விடியும் நேரத்தில் பிளக்கும் தூண். அதற்காகத்தானே அத்தனை நீளமும். கோயிலில் வைத்துப் பூஜிக்கும் நரசிம்மர் முகமூடியை, விரதம் இருந்தவர் அணிந்து வெளியே வருகிறார். ஆவேசம் வந்த அவரை இரணியன் மேல் பாயவிடாமல் நாலு பேர் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறார்கள். இதைப் பார்க்காமல் வந்தவன் என்னத்தைப் பார்த்தான்?

அடுத்த வருஷம் போகலாம் என்றிருந்தேன். அதற்குள் மாற்றல் ஆர்டர் வந்துவிட்டது. அந்தத் தூணைப் பார்க்க எனக்கு ஆறு வருஷம் ஆனது.

ஊர்க்காரர்களைக் கவனியுங்கள். ராத்திரி முழுக்க யாரும் முழித்திருப்பதில்லை. இருந்த இடத்திலேயே துண்டை விரித்துத் தலையைச் சாய்க்கிறார்கள்; மிருதங்கம் வேகமெடுத்தால் தானாக எழுந்து உட்காருகிறார்கள். நீங்களும் பகலில் தூங்கிவிட்டுப் போங்கள், அங்கேயும் கொஞ்சம் தூங்குங்கள். கிளம்பி மட்டும் வராதீர்கள். வள்ளி திருமணம் நாடகத்திலும் இதே கதைதான்: பபூன் போனதும் பாதிக் கூட்டம் எழுந்துவிடும், வள்ளியும் நாரதரும் தர்க்கம் பண்ணும்போது ஆளிருக்காது.

கடைசி பஸ்ஸை நம்புவது

முதல் பஸ்ஸை நம்புங்கள்.

திருவையாற்றுக்குச் சாயங்காலம் போய்ப் பஞ்சரத்னம் தேடுவது

தியாகராஜர் ஆராதனையில் ஐந்து கீர்த்தனைகளையும் எல்லோருமாகச் சேர்ந்து பாடுவது அவர் சமாதியடைந்த திதியான புஷ்ய பகுள பஞ்சமியன்று காலையில். சாயங்காலம் போனால் வேறு கச்சேரிகள் கேட்கலாம். அவையும் மோசமில்லை, சிறு சிறு கச்சேரிகள், ஒருவர் எழுந்தால் அடுத்தவர்.

சுவாமியோடு நகர்ந்துவிடுவது

கோயில் புறப்பாட்டில், சுவாமி கிளம்பும்போது நாகஸ்வரத்தில் வாசிக்கும் கம்பீரநாட்டை ராக மல்லாரி கேட்டதும் எல்லோரும் செல்போனைத் தூக்கிக்கொண்டு சுவாமிக்கு முன்னால் ஓடுகிறார்கள். நாகஸ்வரக்காரர் வீதி முனையில் நின்று ராகத்தை எடுக்கும்போது பக்கத்தில் பத்துப் பேர்கூட இருப்பதில்லை. அந்தப் பத்தில் ஒருவராக இருங்கள். தவிலுக்கு நேர் முன்னால் மட்டும் நிற்காதீர்கள், காது போய்விடும்.

சாப்பாட்டை அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்பது

பத்து மணிக்கு மேல் கிராமத்தில் டீதான்.

டிக்கெட் எங்கே என்று விசாரிப்பது

கிடையாது. ஜமுக்காளமும் கொசுவத்தியும் கொண்டு போங்கள்.