இங்கே இறங்கி அங்கே ஏறுவோம்: மாநகரப் பேருந்தில் போய்ச் சென்னையில் நடக்க ஒரு தொடக்க வழிகாட்டி

பைக்கிலோ காரிலோ போய் நடப்பதில் ஒரு தொல்லை உண்டு. வண்டியை எங்கே நிறுத்தினோமோ அங்கேயே திரும்பி வந்தாக வேண்டும். பார்த்த சுவரையே மறுபடி பார்த்துக்கொண்டு, வெயில் ஏறிய நேரத்தில், வந்த வழியே நடக்க வேண்டும். பேருந்தில் போனால் அந்தக் கட்டாயம் இல்லை. ஒரு நிறுத்தத்தில் இறங்கி, நான்கைந்து கிலோமீட்டர் தள்ளி இன்னொரு நிறுத்தத்தில் ஏறி வீட்டுக்கு வந்துவிடலாம். இந்த ஒரு வசதியை வைத்து எப்படித் திட்டமிடுவது என்பதைத்தான் கீழே சொல்கிறேன். ட்ரெக்கிங் ஷூ வாங்க வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். பழகிய செருப்போ ஷூவோ போதும், புதிது மட்டும் கூடாது.

படி 1: இரண்டு நிறுத்தங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

பலரும் முதலில் இடத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அப்புறம் பேருந்தைத் தேடுகிறார்கள். நான் சொல்வது தலைகீழ். தொடங்கும் நிறுத்தம், முடியும் நிறுத்தம் இரண்டையும் முதலில் முடிவு செய்யுங்கள். இரண்டில் முடியும் நிறுத்தம்தான் முக்கியம். அங்கே வண்டிகள் அடிக்கடி வர வேண்டும். காலை ஐந்தரைக்கு இருபது நிமிடம் காத்திருக்க யாருக்கும் பொறுமை இருக்கும். ஒன்பது மணி வெயிலில், கால் வலியோடு, நிழற்குடை இல்லாத நிறுத்தத்தில் அதே இருபது நிமிடம் நின்று பாருங்கள், தெரியும். முதல் தடவைக்கு இரண்டு நிறுத்தங்களுக்கும் நடுவே நான்கு, ஐந்து கிலோமீட்டர் போதும்.

படி 2: போர்டைப் படியுங்கள்

எண்ணைப் பார்த்து ஏறுவது பாதி வேலைதான். எண்ணுக்குப் பக்கத்தில் ‘கட்’ என்று இருந்தால் அந்த வண்டி கடைசி வரை போகாது, நடுவழியிலேயே முடிந்துவிடும். ஏறும்போதே நடத்துநரிடம் இறங்கும் இடத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டுவிடுவது நல்லது.

சாதாரணக் கட்டணப் பேருந்தில் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். 2021 மே மாதத்திலிருந்து இந்த வண்டிகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது, ஆனாலும் டிக்கெட் வாங்கிக் கையில் வைத்திருக்க வேண்டும். இடப்பக்க இருக்கைகள் பெண்களுக்கானவை. அப்புறம், சில்லறை. விடியற்காலையில் ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினால் நடத்துநர் பார்க்கும் பார்வையிலேயே பாதி உற்சாகம் போய்விடும்.

மெட்ரோ வேலை நடக்கும் சாலைகளில் நிறுத்தங்களைத் தள்ளி வைத்திருப்பார்கள். செல்போன் வரைபடம் காட்டும் இடத்தில் யாரும் நிற்கவில்லை என்றால் கூட்டம் எங்கே நிற்கிறதோ அங்கே போய் நில்லுங்கள்.

படி 3: நேரம்

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை தாராளமாக நடக்கலாம். மார்ச் முதல் காலை எட்டரைக்குள் முடித்துவிடுங்கள். கத்திரி வெயிலில் புதியவர்களுக்கு நான் நடையே சொல்ல மாட்டேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் நடைபாதைத் தண்ணீருக்கு அடியில் என்ன பள்ளம் இருக்கிறதென்று தெரியாது, அதனால் மழை விட்ட மறுநாளும் சற்றுப் பொறுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர், தொப்பி, கொஞ்சம் கடலை மிட்டாய். பையில் வேறொன்றும் வேண்டியதில்லை.

படி 4: முதல் நடை, அண்ணா சதுக்கத்திலிருந்து மயிலாப்பூர் குளம் வரை

ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர், ஏற்ற இறக்கம் இல்லை. அண்ணா சதுக்கம் என்று போர்டு போட்ட எந்த வண்டியும் சரி, கோயம்பேட்டிலிருந்து வருபவர்களுக்கு 27பி. வெளிச்சம் வருவதற்கு முன்பே இறங்கிவிட்டால் சூரிய உதயம் கிடைக்கும்.

மணலில் நடக்க வேண்டாம். மெரினாவின் மணல் அகலமானது, அரை கிலோமீட்டரிலேயே கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். நடைபாதையிலேயே தெற்கு நோக்கிப் போங்கள். ஆரம்பத்திலேயே உழைப்பாளர் சிலை வரும். தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959 முதல் அங்கே நிற்கிறது. நான்கு தொழிலாளர்கள் பாறையை நெம்பும் அந்தத் தசைகளைப் பேருந்து ஜன்னலிலிருந்து பார்த்தவர்கள் யாரும் உண்மையில் பார்த்ததாகச் சொல்ல முடியாது. பக்கத்தில் போய் ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள்.

சாலைக்கு மறுபுறம் பல்கலைக்கழகத்தின் செனட் இல்லம், அப்புறம் மாநிலக் கல்லூரி. இரண்டையும் வடிவமைத்தவர் ராபர்ட் சிஷோம். இன்னும் தெற்கே போனால் விவேகானந்தர் இல்லம். 1842-இல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸ் கட்டிகளைச் சேமிக்கக் கட்டிய கட்டடம் அது. ஐஸ் ஹவுஸ் என்ற பெயர் அந்தப் பகுதிக்கே ஒட்டிக்கொண்டது. விவேகானந்தர் 1897-இல் இங்கே தங்கினார்.

கலங்கரை விளக்கம் தாண்டியதும் கடலை விட்டுவிட்டு சாந்தோம் நெடுஞ்சாலைக்கு வாருங்கள். சாந்தோம் தேவாலயத்தைப் பார்த்துவிட்டுக் கச்சேரி சாலையில் மேற்கே திரும்பினால் கபாலீசுவரர் கோயில் பக்கம் வந்துவிடலாம். மாட வீதிகளில் அந்த நேரத்தில் பூக்கடைகள் திறந்திருக்கும், காபியும் கிடைக்கும். குளத்தருகே நிறுத்தத்தில் அடுத்தடுத்து வண்டிகள் வரும். படி 1-இல் சொன்னது இதற்காகத்தான். இதே நடையை மயிலாப்பூரில் தொடங்கி அண்ணா சதுக்கத்தில் முடித்தால் கடைசிப் பகுதியில் நிழலே இருக்காது.

படி 5: இரண்டாவது நடை, பரங்கிமலை என்ற சிறு குன்று

இதில் நடுவிலும் ஒரு பேருந்துப் பயணம் உண்டு. சைதாப்பேட்டையில் இறங்கி மறைமலை அடிகள் பாலத்தின் வழியாக அடையாற்றைக் கடந்து சின்னமலை வரை நடங்கள். இங்கே 1726-இல் முதன்முதலாகப் பாலம் கட்டியவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மேனிய வணிகர். பரங்கிமலைக்குப் படிகள் அமைத்ததும் அவரே. ஆற்றைக் கடந்து மலைக்குப் போக வேண்டிய பக்தர்களுக்காக இரண்டையும் செய்து வைத்தார். இன்றுள்ள பாலம் பிற்காலத்தது, வழி பழைய வழிதான். சின்னமலையில் பாறை மேல் இருக்கும் தேவாலயத்தைப் பாருங்கள்.

அங்கிருந்து பரங்கிமலை வரை நடக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். கிண்டியும் கத்திப்பாரா மேம்பாலமும் நடப்பவர்களை நினைத்துக் கட்டியவை அல்ல. ஒரு வண்டி பிடியுங்கள். இங்கேதான் புதியவர்கள் தவறுவார்கள்: தாம்பரம் வண்டி ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையில் நேராகப் போய்விடும். போரூர், பூந்தமல்லி பக்கம் போகும் 54 போன்ற வண்டியில் ஏறி, பட் ரோடு நிறுத்தத்தில் இறங்க வேண்டும். மலைக்கு வழி யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

மலை சுமார் 300 அடி உயரம். படிகளில் நிதானமாக ஏறினால் முதல் தடவை வருபவருக்கும் கால் மணி நேரம் போதும். மேலே 1523-இல் போர்ச்சுகீசியர் கட்டிய தேவாலயம், கீழே விமான நிலைய ஓடுபாதை. வில்லியம் லாம்ப்டனின் மார்பளவுச் சிலையும் இங்கே உண்டு. இந்தியாவை முக்கோண முக்கோணமாக அளந்த பெரும் பணிக்கு அவர் 1802-இல் அடிக்கோடு, அதாவது மற்ற அளவுகளுக்கெல்லாம் அடிப்படையான முதல் கோடு, அளக்கத் தொடங்கியது இந்த மலையடியில்தான். எவரெஸ்ட்டின் உயரத்தைக் கணக்கிட்டதும் பிற்பாடு அதே பணியின் தொடர்ச்சியாகத்தான்.

நீங்கள் மிதித்து ஏறும் பாறைக்கு சார்னோக்கைட் என்று பெயர். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு இங்கிருந்து, பல்லாவரம் பக்கத்திலிருந்து, போன கல் என்பதால் அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். நியாயமாகப் பார்த்தால் பல்லாவரம் பெயரைத்தான் வைத்திருக்க வேண்டும்.

இறங்கும்போது படியை விட்டு வாகனச் சாலை வழியாக வாருங்கள், முழங்கால் தப்பிக்கும். அது வழிபாட்டுத் தலம், சத்தமாகப் பாட்டுப் போட்டுக்கொண்டு போக வேண்டாம்.

படி 6: அடுத்து

பல்லாவரத்திலிருந்து திருநீர்மலைக்குப் பேருந்து உண்டு. நின்ற, இருந்த, கிடந்த, நடந்த என நான்கு கோலத்திலும் பெருமாள் இருக்கும் தலம் அது, மலைப் படிகளும் கடினமில்லை. 1863-இல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்ததும் பல்லாவரத்தில்தான். அதைக் கேட்டுவிட்டு அந்தப் பக்கத்துக் குன்றுகளில் தனியாக ஏறிவிடாதீர்கள். கைவிட்ட கல்குவாரிகளில் தண்ணீர் தேங்கி நிற்கும், ஆழம் தெரியாது, விளிம்புக் கல் உதிரும். வழி தெரிந்த இரண்டு பேரோடு, பகலில் மட்டும் போங்கள். திரும்பி வர ஜி.எஸ்.டி. சாலைக்கு வந்துவிட்டால் தாம்பரம் பக்கமும் கிண்டி பக்கமும் வண்டிக்குப் பஞ்சமே இல்லை.